எங்கள் வீட்டில் இரண்டு வேட்பாளர்கள்

எங்கள் வட்டாரத்து பாப்திஸ்து சபைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். கோவில்பட்டியில் இருப்பது பெரிய சபை. கழுகுமலைப் பக்கம், விளாத்திகுளம் பக்கம், குளத்தூர் வரைக்கும் சின்னச் சின்ன சபைகள். சில சபைகளில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாச் சபைகளின் பிரதிநிதிகளும் கூடிச் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவருக்குச் சம்பளம் கிடையாது. பெட்ரோலும் சொந்தச் செலவு. சபைகளுக்குள் சண்டை வந்தால் போய் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பதவிக்கு நான் வெகு காலமாக ஆசைப்பட்டேன்.

ஆசைப்படுகிறேன் என்று எங்கள் ஆட்களிடம் வெளியே சொல்லக் கூடாது. கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. சங்கத்தின் சட்டதிட்டங்களை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். என் முதுகுக்குப் பின்னால் 'சட்டம் அண்ணாச்சி' என்று பெயர். முகத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தாலும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

என் மனைவி அரசாங்கத்தில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கரிசல் காட்டு ஊர்களில் அவளுக்கு நர்ஸம்மா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. சங்கத்துக் கூட்டத்துக்கு அவளும் வருவாள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, யாருக்கு சுகர் கூடியிருக்கிறது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். தீர்மானம் எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியாது.

பழைய தலைவர் மூன்று தடவை இருந்துவிட்டார். நான்காவது தடவை இருக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த விதியை எழுதச் சொல்லி வற்புறுத்தியவன் நான். ஆக, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேட்பாளர் தேர்வுக் கமிட்டி எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்ததும், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். முதலில் தகுதியில்லை என்று மறுக்க வேண்டும். அவர்கள் வற்புறுத்தினால் ஜெபம் பண்ணிச் சொல்லுகிறேன் என்று சொல்ல வேண்டும். மறுநாள் ஒத்துக்கொள்ள வேண்டும். இதுதான் முறை.

கழுகுமலைப் பக்கத்துப் பாஸ்டரும் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரும் வந்தார்கள். மூன்றாமவருக்குக் காய்ச்சலாம். இருவரும் வாசலில் நின்று செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டு உள்ளே வந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினோம். உளுந்து போட்டவன் பாடு என்ன ஆகும் என்று பேசினோம். பிறகு பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, தலைவர் விசயமா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எனக்கு அதுக்குத் தகுதி இல்ல பாஸ்டர்" என்றேன்.

பாஸ்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது இல்ல அண்ணாச்சி. நர்ஸம்மாவ நிறுத்தலாம்னு கமிட்டில பேசியிருக்கோம். நீங்க சம்மதிக்கணும்லா, அதக் கேக்கத்தான் வந்தோம்."

அவள் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எதுக்கு இதெல்லாம்? அவியளப் போடுங்க" என்றாள்.

"அண்ணாச்சி இப்பத்தான் தகுதி இல்லன்னு சொன்னாவ" என்றார் தலைமையாசிரியர். அவர் கணக்கு வாத்தியார். ஒரு படியையும் விடமாட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டீயை ஆற்றினேன். "ஜெபம் பண்ணிச் சொல்லுதேன்" என்றாள் அவள். எனக்காக நான் வைத்திருந்த வாக்கியம் அது.

அவர்கள் போனதும் கேட்டாள், "ஒங்களுக்கு வருத்தமா?"

"கர்த்தரோட சித்தம்."

"நான் அதக் கேக்கல."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். பொதுவாக நான் கழுவுவதில்லை. அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "ரிட்டயர்டு ஆனதுலேருந்து என்னய யாரும் எதுக்கும் கூப்புடல" என்றாள். "இவிய கூப்புடுதாவ." எனக்கு அது அதுவரை தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

"அப்பம் நில்லு" என்றேன்.

கூட்டம் எங்கள் சபைக் கட்டிடத்திலேயே நடந்தது. பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பதில் பழைய தலைவர் உறுதியாக இருந்தார். அவருக்கு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். கமிட்டி நர்ஸம்மா பெயரை அறிவித்ததும் ஒரு கிராமத்துச் சபை மூப்பர் எழுந்தார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதைப் பார்க்க வேண்டும், பொம்பளை ஆளுகை செய்யலாமா என்றார்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி, "இஸ்ரவேலையே நியாயம் விசாரிச்ச தெபொராள் யாரு அண்ணாச்சி? ஆம்பளையா?" என்றாள்.

"அது பழைய ஏற்பாடு."

"அத மட்டும் பைபிள்லேருந்து கிழிச்சிட்டீயளா?"

சத்தம் கூடியது. பழைய தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "சட்டம் என்ன சொல்லுதுன்னு அண்ணாச்சி சொல்லட்டும்."

எழுந்து நின்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். 'இது மனசாட்சிக்கு உட்பட்ட விஷயம், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம்' என்று சொன்னால் போதும், அவள் பெயர் அதோடு போய்விடும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"ஞானஸ்நானம் எடுத்த சபை உறுப்பினர் யார் வேணாலும் நிக்கலாம்னு இருக்கு. ஆம்பளைன்னு போடல. நாங்க போட மறந்துட்டோம்னு யாராவது சொன்னா, மறக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கைதட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மூப்பர் விடவில்லை. "அப்பம் நான் சட்டம் அண்ணாச்சியையே முன்மொழியுதேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர் உடனே வழிமொழிந்தார்.

விலகிக்கொள்வதாக நான் சொல்ல வேண்டிய இடம் அது. எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் அண்டாவை இழுக்கும் சத்தம் கேட்டது.

என் மனைவி எழுந்தாள். "அவிய நிக்கட்டும்" என்றாள். "ரொம்ப நாளா ஆசைப்பட்டுட்டு இருக்காவ."

கர்த்தருக்குச் சித்தமானால் என்று நான் இத்தனை வருஷம் சொல்லி மறைத்ததை அவள் ஒரே வரியில் சபைக்குச் சொல்லிவிட்டாள். யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே நான் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

நின்றேன்.

துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். என் சீட்டில் என் பெயரை எழுதினேன். வேட்பாளர் தனக்குத்தானே ஓட்டுப் போடச் சட்டத்தில் தடையில்லை. எண்ணி முடித்த பாஸ்டர், "நர்ஸம்மா ஜெயிச்சிட்டாவ, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றதோடு நிறுத்தப் பார்த்தார். தலைமையாசிரியர் எழுந்து, எத்தனைக்கு எத்தனை என்று வாசிக்க வேண்டும், அப்படித்தான் விதி என்றார். வாசித்தார்கள். எனக்கு விழுந்ததை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், கட்டைவிரல் மிஞ்சும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் ஊசி போட்டிருக்கிறாள், மீதிப் பேரின் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறாள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அவளுக்குச் சால்வை போட்டார்கள். அவள் அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பழைய தலைவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "மொதல்ல இவியளுக்குச் சாப்பாடு போடுங்க" என்றாள். அதுதான் தலைவராக அவள் போட்ட முதல் உத்தரவு. நானும் சாப்பிட்டேன். பிரியாணி நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஒரு வாரம் நான் கடையை நேரம் கழித்தே அடைத்தேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு குளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சபையில் சண்டை என்று போன் வந்தது. புதுக் கட்டிடத்துக்கு வாசலை ரோட்டைப் பார்த்து வைப்பதா, ஊரைப் பார்த்து வைப்பதா என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து தனித்தனியாக ஆராதனை நடத்துகிறார்களாம். அந்த ஊருக்கு பஸ் ஒழுங்காகக் கிடையாது.

"நீங்க வண்டி எடுத்தீயன்னா போயிரலாம்" என்றாள்.

போனோம். ஊருக்கு முன்னால் மழையில் ஊறிய மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்கி இரண்டு பேரும் தள்ளினோம். இரண்டு கூட்டத்தாரும் அவளை நடுவில் உட்காரவைத்து மாறி மாறிப் பேசினார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டாள். நானாக இருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் விதியைச் சொல்லியிருப்பேன். வாசல் எந்தப் பக்கம் என்று அன்றைக்கு முடிவாகவில்லை. ஆனால் இரண்டு கூட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. அது எப்படி நடந்தது என்று கூடவே இருந்த எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது ஒரு பெண் போனை எடுத்து எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னாள். "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தலைவரம்மா நடுவுல வரணும்" என்றாள். தள்ளி நின்றேன்.

அந்தப் படத்தைத்தான் என் மனைவி வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்திருக்கிறாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் முகம் வரவில்லை. ஒரு தோள் மட்டும் வருகிறது. அது யார் என்று கேட்கிறவர்களிடம் அவளே சொல்கிறாள், எங்க வீட்டுக்காரவுக என்று.