நிலக்கரித் தமிழ்

ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை மூடியபோது என் கணவருக்கு வயது நாற்பத்துநான்கு. தேயிலை காய்வதற்கான சூடு அவர் விறகு போட்டு எரிக்கும் உலையிலிருந்துதான் போகும். வெளிநாட்டில் உலோகம் உருக்கும் ஆலை ஒன்றில் நிலக்கரி உலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கண்டி டவுனில் ஒரு ஏஜென்சியில் சொன்னார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். இந்தத் தடவை தவறினால் அவ்வளவுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நேர்முகத் தேர்வில் தொழிற்சொற்களைக் கேட்பார்கள் என்று ஒரு கட்டுத் தாளைத் தந்தார்கள். சுரங்க இயந்திரங்கள், தாது, உலை, கரி வகைகள், எல்லாம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழ் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் நான் பார்ப்பதே மொழிபெயர்ப்பு வேலை. தமிழ் இல்லாத தாள்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நெருப்புக்கு முன்னால் நிற்கப் போகிறவனுக்கு அவன் பாஷையில் ஒரு வரி எழுத யாருக்கும் மனம் வராதா?

நானே எழுதினேன். உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் அழுக்குக்குக் கசடு. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டெடுப்பது கற்கரி. கரியைச் சுமந்துகொண்டு ஓடும் பட்டைக்குக் ‘காவுபட்டி’ என்று எழுதியதும் அவர் சிரித்துவிட்டார்.

“ஏம் புள்ள, பெல்ட்டுன்னு சொன்னா கரி போகாதா?”

“கரி போகும். வேலைதான் கிடைக்காது. படிங்க.”

படித்தார். கறி நறுக்கிக்கொண்டே நான் கேட்க, தேங்காய் துருவிக்கொண்டே அவர் சொல்வார். கற்கரியை மட்டும் கடைசிவரை கற்கண்டு என்றே சொல்லி என் உயிரை வாங்கினார்.

தேர்வன்று நான் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு வெளிநாட்டுக்காரர், பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

“முந்தி எங்க வேலை செஞ்சீங்க?” என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

“தோட்டத்து ஸ்டோர்லங்க.”

“ஸ்டோர்ல எல்லாம் எப்படி அடுக்கி வைப்பீங்க?”

விறகைத்தான் கேட்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். “காஞ்சது ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம்ங்க. கலந்துட்டா வம்பு.”

வெளிநாட்டுக்காரர் தலையாட்டினார். படித்ததில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை. “ரொம்ப லேசாத்தான் கேட்டாங்க,” என்று இவர் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் ஏஜென்சிக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

“மிஸ், அவர் ஸ்டோர் கீப்பர்தானே,” என்றாள் மேசையில் இருந்த பெண். “சாமான் அறைக்கு ஆள் கேக்கல. உலைக்குத்தான் கேட்டாங்க.”

எனக்குத் தலையில் இடி விழுந்தது. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். அங்கே பிறந்தவர்களும் சரி, அங்கே வாழ்க்கைப்பட்ட நானும் சரி, வேறு பெயர் சொன்னதில்லை. கொழும்புக்காரருக்கு அது சாமான் வைக்கிற அறை. மொழிபெயர்த்தே பிழைக்கிற என் காதிலும் அன்று அது உறைக்கவில்லை. விளக்கினேன், கத்தினேன், கடைசியில் கெஞ்சினேன். ஆட்கள் எடுத்து முடிந்துவிட்டது, அடுத்த முறைக்கு இவருக்கு வயது தாண்டிவிடும் என்றாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நான் என்னன்னு சொல்லியிருக்கணும்?” என்று கேட்டார்.

“தேயிலைத் தொழிற்சாலைன்னு.”

அந்தச் சொல்லை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“ஆனா நான் வேலை செஞ்சது ஸ்டோர்லதான, புள்ள,” என்றார்.