ஆறு ஏழு போட்ட நோட்டு

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் கசங்கிய நோட்டுகளையும் இஸ்திரி போட்டு, எண்ணைப் படித்துவிட்டுத்தான் டப்பாவில் வைப்பார். ஒல்லியான மனிதர், காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். ஒருநாள் அவர் மீதியாகத் தந்த பத்து ரூபாய் நோட்டின் எண் 777777.

“இதையெல்லாம் சேர்க்கிறவங்க நல்ல விலை கொடுப்பாங்களே, பார்க்கலையா?” என்றேன்.

“பாத்தேன் சார். ரெண்டு தபா செலவு பண்ணேன், ரெண்டு தபாவும் எங்கிட்டயே வந்துச்சு. பூட்டி வெச்சிக்கினா எப்டி வரும்? நீங்களும் செலவு பண்ணுங்க, பாக்கலாம்.”

சரி என்றேன்.

இரண்டு வருடமாகிறது. இன்றும் நான் பணம் கொடுத்தால் முதலில் எண்ணைப் பார்க்கிறார். “இன்னும் எங்கியோ சுத்திக்கினு கீது சார்” என்று சிரிக்கிறார்.

நோட்டு என் பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.