கலைமதி குடிக்காத தண்ணீர்

ஒரு பெண் மணிக்கணக்கில் ஓடிய பிறகும் தண்ணீர் குடிக்கவில்லை என்றால், அது அவளுடைய மன உறுதி என்று நீங்களும் கைதட்டுவீர்களா?

மரக்காணத்தில் சித்தார்த்தன் கைதட்டினான். அதோடு நிற்கவில்லை, வீடியோ எடுத்து ஊருக்கே காட்டினான்.

பதினாறு வயதில் உப்பளத்தில் மூட்டை தூக்கியவன் அவன். முப்பது வயதில் ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு ஜிம் வைத்தான். 'நான் வந்தேன், நீயும் வரலாம்' என்று வாசலில் எழுதினான். கால் வலி, வீட்டில் வேலை என்று யார் வாயைத் திறந்தாலும், "காரணம் சொல்றவன் கடைசி வரைக்கும் காரணம்தான் சொல்லுவான். கிளம்பு, ஓடு" என்பான். தன்னைத் தூக்கிவிட்டது தன் மனசு மட்டும்தான் என்று அவன் உறுதியாக நம்பினான்.

கலைமதி அங்கே வந்தது போலீஸ் வேலைக்காக. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பாக்கி. வயது வரம்பின்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கி, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கூடை கூடையாக உப்பைச் சுமந்து கரையில் கொட்டுவாள். அங்கிருந்து நேராக ஐந்து மணிக்கு ஜிம்முக்கு வந்துவிடுவாள். அங்கே இருபது ஆண்களும் மூன்று பெண்களும். மற்ற இரண்டு பெண்களுக்கும் வீடு பக்கத்திலேயே.

ஓடி முடித்ததும் எல்லாரும் குடத்தை மொய்ப்பார்கள். அவள் மட்டும் தள்ளி நிற்பாள்.

"கலை, தண்ணி?"

"வேணாம் மாஸ்டர்."

ஒரு வாரம் பார்த்தான். பிறகு அவளை நடுவில் நிறுத்தினான். "டேய், நல்லா பாத்துக்கோங்க. காலையிலேர்ந்து உப்பு சுமந்துட்டு, இங்க வந்து ஓடிட்டு, தண்ணி பக்கமே போவல பாரு. நீங்க ரெண்டு ரவுண்டுக்கு ஒரு குடம் காலி பண்றீங்க. இதுதாண்டா மனசு!"

எல்லாரும் விசிலடித்தார்கள். கலைமதி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வானூரிலிருந்துகூட இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

உடல்தகுதித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, நீளம் தாண்டப் போனவள் மணலிலேயே சுருண்டு விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் தொற்று, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா பாத்ரூம் போவே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா அமராவதிதான் சொன்னாள்.

"ரெண்டு தடவைங்க. காலையில கிளம்பறதுக்கு முன்ன ஒண்ணு, ராத்திரி வீட்டுக்கு வந்து ஒண்ணு. உப்பளத்துல எங்க போவா? நாங்க எல்லாருமே அப்படித்தான்."

"ஜிம்லதான் பாத்ரூம் இருக்குதே!" என்றான் சித்தார்த்தன். தன் குரல் ஏன் எகிறுகிறது என்று அவனுக்கே புரியவில்லை.

அமராவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்குது தம்பி. தாழ்ப்பாள் இருக்குதா?"

இல்லை. ஜிம் திறந்த நாளிலிருந்தே இல்லை. ஆண்கள் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போய் வருவார்கள். புஜத்தைப் பார்த்து ரசிக்கிற கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிய சித்தார்த்தனுக்கு, அந்தக் கதவு கண்ணில் பட்டதே இல்லை.

மறுநாள் அவன் உப்பளத்துக்குப் போனான். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பாத்திகள், வெள்ளை வெயில். மறைவதற்கு முழங்கால் உயரத்துக்குக்கூட ஒரு செடி கிடையாது. இதே கரையில் நாலு வருஷம் நின்றிருக்கிறான். முட்டியபோதெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான், வேலை முடிந்தது. பெண்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளும் அவன் யோசித்ததில்லை. மனசு தூக்கிவிட்டதாம்! ஆணாய்ப் பிறந்ததற்கு ஊர் கொடுத்த சலுகையை அவன் தன் உழைப்புக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தான். மூத்திரப்பைக்கு மன உறுதி பாடம் நடத்த எந்த மாஸ்டராலும் முடியாது.

உப்பளத்தின் முதலாளி காசிலிங்கத்திடம் போய், பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டச் சொன்னான்.

அவர் சிரித்தார். "ஏம்பா, நீயும் இங்கதானே மூட்டை தூக்கினே? அப்போ தோணலியா உனக்கு?"

"தோணலைங்க. அதான் தப்பு."

"அடுத்த சீசனுக்குப் பாக்கலாம் போ."

'அப்போ தோணலியா' என்ற கேள்வி அவனை விடவில்லை. ஜிம்முக்கு வந்து தாழ்ப்பாள் வைத்தான். நாலு திருகாணி, பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம்தான் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

தேர்வு நாளன்று கலைமதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கடைசி வாய்ப்பு அப்படிப் போனது.

அவளுக்கு உடம்பு தேறியதும் சித்தார்த்தன் பார்க்கப் போனான். "மன்னிச்சிடும்மா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படி மாஸ்டர் சொல்றது? காரணம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் வீடியோ வேற போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் தண்ணி கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க."

அவன் பழைய வீடியோவை எடுத்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டான். "மாஸ்டர், ஜிம் பேரு கெட்டுடும்" என்றார்கள் பையன்கள். "கெடட்டும்" என்றான். வாசல் எழுத்தையும் அழித்தான். பிறகும் மாதம் ஒருமுறை காசிலிங்கத்தின் வாசலில் போய் நிற்கிறான். இப்போதெல்லாம் அமராவதியும் பதினோரு பெண்களும் கூட வருகிறார்கள். கட்டிடம் இன்னும் எழும்பவில்லை.

கலைமதி மறுபடியும் உப்பு சுமக்கிறாள். டாக்டரம்மா சொன்னதற்காகத் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகிறாள். சாயங்காலம் அவள் ஜிம்மைத் தாண்டிப் போகும்போது சித்தார்த்தன் முகத்தைப் பார்ப்பதில்லை, பாட்டிலைத்தான் பார்க்கிறான். அது கழுத்து வரைக்கும் நிறைந்தபடியே இருக்கிறது.

நாளைக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்தில், பெண்கள் போகிற அந்தக் கதவை ஒருமுறை சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் அன்றைக்கே வையுங்கள். கதவே இல்லையென்றால், கட்ட வேண்டியவரின் வாசலில் அந்தப் பெண்களோடு நீங்களும் போய் நில்லுங்கள்.