கம்பளி ஊரின் வாடை

எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற வாய் எனக்கு. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, கம்பளித் துணி வியாபாரத்தில் செழித்த ஒரு பழைய ஊருக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கிருந்த சின்ன மியூசியத்தை வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் சுற்றிக் காட்டினார். துணி விற்ற காசில் எழும்பிய சர்ச், மாளிகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஆட்டு ரோமத்துல அவ்வளவு பிசுக்கு இருக்குமே, அத எப்படிப் போக்குனாங்கன்னு கேளு" என்றேன் மகளிடம்.

"யம்மா, வந்த எடத்துல சும்மா இருங்க" என்றவள், வேண்டாவெறுப்பாகக் கேட்டாள்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வீடு மூத்திரத்தைச் சேர்த்துப் புளிக்க வைத்து, அதில்தான் துணியைப் போட்டு மிதிப்பார்களாம். ஊரே நாறுமாம்.

மகள் மூக்கைச் சுளித்தாள். எனக்கோ சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. என் அப்பா முத்துக் குளித்தவர்.

"ஏளா, இதையும் சொல்லு. எங்க தூத்துக்குடியில சிப்பியக் கரையில குவிச்சு அழுக விடுவாங்க. புழு வச்சு, சதை கரைஞ்ச பொறவுதான் அலசி முத்தெடுப்பாங்க. அந்த வாடைக்குச் சோறு எறங்காதுன்னு எங்கப்பா சொல்லுவாவ."

மகள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் மெதுவாகத் தன் முத்துத் தோட்டைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். அதற்குள் நான் என் கம்பளிச் சால்வையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

இரண்டிலும் ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் அழகான எந்த ஊருக்குப் போனாலும், இங்கே முன்பு என்ன நாறியிருக்கும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.