சனிக்கிழமை நின்றவர்

காசிநாதனும் அவர் மகள் ஜீவாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. மகள் உள்ளே இறங்கினாள். அப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். ஆம்பூர் போர்வெல் தண்ணீர் தொட்டிச் சுவரில் வெள்ளையாக உப்பைப் படியவிடும். சுரண்டினால் விரல் எரியும்.

"ஆச்சுப்பா."

"ஆச்சுன்னு சொல்லாத. காட்டு."

டார்ச்சை உள்ளே அடித்தார். மூலையில் உப்பு அப்படியே இருந்தது.

"இதுக்குப் பேரு ஆச்சா? இஞ்சினியரு கழுவுற லட்சணம் இன்னா அழகு!"

"நீ வேணா எறங்கேன்."

"டாக்டரு குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னும்தான் சொன்னாரு. அது மட்டும் உன் காதுல ஏறாது."

அவர் டார்ச்சை அணைத்தார். கீழேயிருந்து அவர் மனைவி எல்லம்மா, "அப்பனும் பொண்ணும் தொட்டி கழுவுறீங்களா, பட்டிமன்றம் நடத்துறீங்களா? மாவரைக்கத் தண்ணி இல்ல" என்று கத்தினாள். மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் ஏறியது. அது ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை காசிநாதன் செத்துப்போனார்.

அவர் மீசை அரும்பிய வயதில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் கட்டிங் ஹாலில் சேர்ந்தவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தாமதமாக வருபவன் டீ மணி அடிக்கும்வரை கேட்டருகே நிற்க வேண்டும். உள்ளே போகும் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவார்கள். காசிநாதன் ஒரே ஒரு தடவை நின்றார். அதன்பிறகு மழையோ காய்ச்சலோ, தாமதமே கிடையாது. "என்ன மனுஷனாக்குனது அந்த கேட்டுதான்" என்பார். ஜீவா ஒன்பதாவதில் கணக்கில் மார்க் குறைந்து வந்தபோது, அந்த வாரம் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டாள். எல்லம்மாவும் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நின்றாள். அவர் இருவரையும் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்.

கட்டிங்கிலிருந்து சூப்பர்வைசரானார். பிறகு பிளானிங். ஐம்பதைத் தாண்டியபின் முதலாளியின் மகன் சமீருல்லா அவரிடம் ப்ராஜெக்ட் ஆபீஸைக் கொடுத்தார். கம்பெனியில் எப்போதும் ஏதாவது புதிதாக நடந்துகொண்டிருக்கும்: புது மெஷின் லைன், கழிவுநீர் பிளான்ட் விரிவாக்கம், கூரை மாற்றுவது. எந்த வேலை எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று சொல்லவேண்டியது அந்த ஆபீஸ். அதுவரை அங்கே நேரத்துக்கு வந்தது சமோசா மட்டும்.

"காசிண்ணே, இத சரி பண்ணிக் குடுங்க. எப்படிப் பண்ணீங்கன்னு கேக்க மாட்டேன்" என்றார் சமீருல்லா.

சரி பண்ணினார். ஆளில்லாமல் பேருக்கு ஓடிய வேலைகளை எல்லாம் நிறுத்தினார். மிச்சமிருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். சனிக்கிழமைதோறும் காலையில் கூட்டம். திரையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். நேரத்துக்கு நடந்தால் பச்சை, தள்ளிப்போனால் சிவப்பு. இதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் உண்டு. அடுத்தது அவருடைய சொந்தச் சரக்கு. எவர் வேலை சிவப்போ, அவர் கூட்டம் முடியும்வரை திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வேலை பறந்தது. தள்ளிப்போட்டே பழகிய பர்ச்சேஸ் அஸ்பாக், ஒரு தடவை நின்றதும் சப்ளையர்களின் வாசலிலேயே போய் உட்கார ஆரம்பித்தார். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காசிநாதன் முன்பெல்லாம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இடத்துக்கே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்ப்பவர். இப்போது போவதில்லை. திரையில் பச்சை இருந்தால் போதும். நிற்கவைக்கும் இடத்தில் எவன் பொய் சொல்வான் என்று நம்பினார்.

பேரணாம்பட்டில் புது தையல் யூனிட் எழும்பியது. அதன் மின்சார வேலை சர்தார் பாஷாவின் பொறுப்பு. மேல்விஷாரத்துக்காரர், கம்பெனியின் பழைய எலக்ட்ரிகல் ஃபோர்மேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். மெயின் போர்டுக்கான சாமான் வரத் தாமதமானது. தப்பு சப்ளையருடையது. நின்றவர் பாஷா. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கால் மாற்றி ஒரு காலில் பாரம் போட்டு நின்றார்.

"இன்னா பாய், இன்னிக்கும் பஸ்ல சீட்டு கிடைக்கலியா?" என்பார் அஸ்பாக்.

"கண்டக்டரு உங்க ஆளுதானே, நீங்க சொல்லி வாங்கிக் குடுங்க" என்று காசிநாதனைக் காட்டுவார் பாஷா. எல்லாரும் சிரிப்பார்கள். காசிநாதனும் சிரிப்பார்.

சாமான் வந்துசேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாஷா நேராக ஆபீஸுக்கு வந்தார்.

"அண்ணே, எர்த் வேலை பாக்கி கீது. இன்னும் ஒரு வாரம் குடுங்க. கால் தாங்கல."

"நாளைக்கு மீட்டிங்ல நின்னுக்கிட்டு இதையே சொல்லுங்க பாய்."

மறுநாள் பாஷா, "முடிஞ்சிருச்சு" என்றார். பச்சை விழுந்தது. உட்கார்ந்தார்.

சோதனை ஓட்டத்துக்கு, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்திருந்தார். அம்பரீன் என்ற பெண் முதல் மெஷினில் கைவைத்தாள். ஷாக் அவளைத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. எர்த் குழி தோண்டியிருந்தது; கம்பியை இணைக்கவில்லை. யூனிட்டைப் பூட்டினார்கள். பாஷா அன்றைக்கே சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை பேரணாம்பட்டு சிவப்பானது. பொறுப்பாளர் இல்லை. "அப்ப யாரு?" என்று சமீருல்லா கேட்டார். காசிநாதன் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அறையில் எல்லாருக்கும் தெரியும். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"அண்ணே, பஸ்ல சீட்டு இல்லியா?" அஸ்பாக்தான்.

அன்றைக்குச் சிரித்ததுபோல அந்த அறை என்றைக்கும் சிரித்ததில்லை.

அந்தச் சிவப்பு மாறவே இல்லை. ஒருத்தர் இழுத்த வயரில் அவரைக் கேட்காமல் இன்னொருத்தர் கை வைப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். பேரணாம்பட்டுக்குப் போன ஒவ்வொருவரும் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பாஷா பாய் வந்து சொல்லட்டும்" என்று மூடிவிட்டார்கள். வாரம் வாரம் காசிநாதன் நின்றார். ராத்திரி எல்லம்மா அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "ஊரையே நிக்க வெச்சீங்க, இப்ப நல்லா நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள்.

ஜீவா ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இஞ்சினியர். மீட்டர் தப்பாகக் காட்டினால் ஏன் என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு ஞாயிறு மதியம் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, சிவப்பு சொன்னவன நிக்க வெச்சா, அடுத்த தடவை பச்சைதான் சொல்லுவான். உன் மீட்டரை நீயே கெடுத்து வெச்சிருக்க. சிவப்பை முதல்ல சொல்றவனுக்கு நாற்காலி போடு. டீ குடு. உனக்கு இன்னா வேணும்னு கேளு. பச்சை சொல்றவன் இடத்துக்கு மட்டும் போய் தொட்டுப் பாரு."

அவர் தட்டை நகர்த்திவைத்தார். பிறகு, "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

"முன்னாடி நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு இருந்தேன்."

திங்கட்கிழமை சமீருல்லாவிடம் போய், நிற்கவைப்பதை நிறுத்திவிடலாம் என்றார். காரணத்தையும் சொன்னார். சமீருல்லா பொறுமையாகக் கேட்டார்.

"காசிண்ணே, நீங்க உக்காந்திருந்த வரைக்கும் இது நல்ல சிஸ்டம். நின்னதும் கெட்ட சிஸ்டமா?"

"ஸ்டென்ட் வெச்ச உடம்பு தம்பி."

"பாஷா பாய்க்கும் உடம்புதானே?" லேப்டாப்பை மூடினார். "அவரைக் கூட்டிட்டு வாங்க. போர்டு முடியட்டும். அப்புறம் எல்லாரும் உக்காரலாம்."

அதன்பிறகு காசிநாதன் கேட்டது ஒன்றுதான்: பாஷா திரும்பி வர வேண்டும். போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டார் என்றார். நேரில் போகவேண்டும் என்றார். போகவில்லை. ஒரு வாரம் கல்யாணம். ஒரு வாரம் மழை. தொட்டி கழுவிய ஞாயிறு, தொட்டி.

கடைசிச் சனிக்கிழமை அவர் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கழிவுநீர் பிளான்ட்டைப் பற்றிப் பேச்சு ஓடியது. அவர் சுவரில் சரிந்து உட்கார்ந்தார். "அண்ணே, ரூல்ஸ்!" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. பிளான்ட் முடிந்து மெஷின் லைனுக்குப் போனார்கள். லைன் முடிந்து கூரைக்கு. அப்புறம்தான் அஸ்பாக் குனிந்து தோளைத் தொட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் வழக்கம்போல நடந்தது. அஸ்பாக் வீட்டுக்கு வந்து ஜீவாவிடம் சொன்னார். காசிநாதனுக்காக எல்லாரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்களாம். உட்கார்ந்ததும் திரையைப் போட்டார்களாம். பேரணாம்பட்டு உட்பட எல்லாம் பச்சையாம்.

"போர்டு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் ஜீவா.

"யாருமா போய்ப் பாத்தாங்க?" என்றார் அஸ்பாக். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

சர்தார் பாஷா சாவுக்கு வரவில்லை.

காசிநாதன் சாவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீவாவுக்குப் போன் செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை மேல்விஷாரம் போறேன். கண்டிப்பா."

"சரிப்பா. பஸ்ஸுல போ, வண்டி எடுக்காத."

"முதல்ல ஆற்காடு போய் ஸ்வீட்டு, மக்கன் பேடா வாங்கிக்கறேன்."

"மேல்விஷாரத்தத் தாண்டித்தானேப்பா ஆற்காடு? நேரா எறங்கிப் போ."

"வெறுங்கையோடயா? நல்லாருக்காது. தாண்டிப் போய் வாங்கிக்கிட்டு திரும்பி வர்றேன்."

"கதவ தொறப்பாரா?"

"தொறப்பாரு. தொறந்து வெச்சுக்கிட்டு திட்டுவாரு. திட்டட்டும்."

அவர் வருவதாக இருந்தது சர்தார் பாஷாவுக்குத் தெரியாது. மேல்விஷாரத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.