சேத்துக்கரை

காலிதீன் சாறன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சாறனில் காலிதீனின் கை பட்டது விலை பேசும்போது மட்டும்தான். அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்து வளவு ஹாஜறா ராத்தா. மருதமுனையில் அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் தென்னோலைக் கிடுகு கழன்ற ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் போய் அவருக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் நான்.

புருஷன் மௌத்தானபோது ராத்தாவுக்கு மிஞ்சியது ஒரு குழித்தறியும் றாபியா என்ற மகளும். நிலத்தில் குழி வெட்டி, அதைச் சுற்றித் தறிக்கால்களை மண்ணில் நட்டு, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வதுதான் குழித்தறி. எல்லாரையும் போல, ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கட்டம் போட்ட சாறன் நெய்தார். எல்லாரையும் போல அரைவயிற்றுக் கஞ்சி குடித்தார்.

கல்லோயா அணைத் தண்ணீர் வயலுக்கு வரத் தொடங்கிய வருஷங்கள் அவை. ஒரு போகம் முடிய மறு போகம் என்று ஆண்கள் சேற்றிலேயே கிடந்தார்கள். சாறன் ஓரத்தில் ஏறிய சேறு எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. ஒருநாள் என் உம்மா வாப்பாவின் வெள்ளைச் சாறனைக் கிணற்றடியில் அடித்து அடித்துக் களைத்து, வயலையும் வாப்பாவையும் சேர்த்து ஏசிக்கொண்டே வேலியில் போட்டார். ராத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடியில் தடித்த மண்ணிறம், மேலே போகப் போகக் கோடு கோடாக மெலிந்து, பிறகு வெறும் வெள்ளை.

"என்னகா, என்ட மனிசன்ட ஊத்தச் சாறன இப்பிடிப் பாக்காய்?" என்றார் உம்மா.

"வடிவா இரிக்கிகா. போகாத ஊத்தய நாமளே நெய்ஞ்சிட்டா என்ன?"

உம்மாவுக்குச் சிரித்து மாளவில்லை. ராத்தா சிரிக்கவில்லை. கடற்கரைக்குப் போய், வலைக்குச் சாயம் ஊட்டுவதற்காக மரப்பட்டை அவித்த தண்ணீரில் ஒரு குடம் கேட்டு வாங்கி வந்தார். அதில் நூலைப் போட்டு அவித்தார். முதலில் கறுத்தது, பிறகு செம்மை தட்டியது, நாலைந்து தரம் பாழாகி ஒருவழியாக அசல் வயல் சேற்றின் நிறம் வந்தது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், ஓடும்போது ஓரத்தில் அந்த நூலை நெருக்கமாக வைத்து, மேலே வர வர ஐதாக்கினார். சேத்துக்கரை என்று பெயரும் வைத்தார்.

"இனிச் சாறனுக்கும் மேல் எது கீழ் எது எண்டு பாத்துத்தான் உடுக்கணுமோ?" என்று சந்தியில் நின்ற ஆண்கள் கேலி செய்தார்கள். அறுவடை முடிந்து கல்முனைக்குப் போனதும் நல்லரெத்தினத்தின் புடவைக் கடையில் ராத்தா விற்கக் கொடுத்திருந்த அதையேதான் கேட்டு வாங்கினார்கள். சேறு பட்டாலும் தெரியாத சாறனை எந்த வயற்காரன் வேண்டாமென்பான்? நல்லரெத்தினம் ஆள் மேல் ஆள் அனுப்பினார். ராத்தாவின் வளவில் இரண்டாவது குழி வெட்டினார்கள், பிறகு மூன்றாவது, நாலாவது. மூன்று பெண்கள் கூலிக்கு நெய்ய வந்தார்கள். நெசவு பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் ஒருவர், தூக்கி வைக்கக்கூடிய மேசைத்தறிதான் நல்லது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"மண்ணிர ஈரம் இல்லாட்டி நூல் அறும் ஐயா. கரை நெருங்காது" என்று ராத்தா மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

றாபியாவுக்குக் காலிதீனைப் பேசினார்கள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடும் வளவும் மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முன்வாசலில் பாயில் இருந்தார்கள். ராத்தா கதவுக்குப் பின்னால், நான் அவருக்குப் பக்கத்தில்.

"என்ன குடுக்காய் ஹாஜறா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"வீடும் வளவும், வளவில நிக்கிறதெல்லாம் என்ட புள்ளைக்கி."

எல்லாத் தாய்மாரும் சொல்லும் சொல் அது. வளவில் நிற்பது என்றால் தென்னை, மா, முருங்கை. யாரும் அதற்குமேல் யோசிப்பதில்லை. ராத்தா அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எவ்வளவு பெருமை! புருஷன் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கரை சேர்த்துவிட்ட பெருமை.

கல்யாணம் முடிந்து சில மாதம் காலிதீன் மாமி மாமி என்று உருகினான். "வெயிலில ஏன் மாமி, கடைக்கி நான் போறன்" என்றான். பிறகு நூலும் அவன் வாங்கினான், கூலியும் அவன் கொடுத்தான். ராத்தாவுக்கு உறைத்தபோது, தங்கை மைமூனாவின் வளவில் ஒரு குடில் போட்டு, தறிகளில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்றார்.

காலிதீன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலாவது நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

"கரை பாவில இரிக்கி மாமி. பாவு தறியில இரிக்கி. தறி வளவில நிக்கிது. நிக்கிறதெல்லாம் தாறன் எண்டு சபையில சொன்னது நீங்கதானே?"

விஷயம் பெரியவர்களிடம் போனது. அன்றைக்குப் பாயில் இருந்த அதே ஆட்கள். அவர்கள் தாடியைத் தடவித் தடவி யோசித்தார்கள். மண்ணில் கால் நட்டதெல்லாம் நிற்பதுதான் என்று முடித்தார்கள். மேசைத்தறியாக இருந்தால் கட்டிலைப் போல அலுமாரியைப் போலத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமாம்.

றாபியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உம்மா, ஒங்களுக்கு ஒரு தறி நெய்யத் தருவாராம். கூலியும் தருவாராம்" என்றாள். ராத்தா மகளை ஏசவில்லை. மாற்றுடுப்பை ஒரு துணியில் முடிந்துகொண்டு படலையைத் திறந்து போய்விட்டார்.

மைமூனா தங்கமான மனுஷிதான். சோறு கொடுத்தார், படுக்க இடம் கொடுத்தார். அங்கேயே ஒரு குழி வெட்டுவோம் என்று ராத்தா மண்வெட்டியை எடுத்தபோதுதான் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"கோவிக்காதீங்க ராத்தா. இந்த வளவும் என்ட புள்ளைக்கிப் போறதானே? கால நட்டீங்கண்டா நாளைக்கி எனக்கும் ஒங்களுக்கும் கத வரும்."

ராத்தா மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தார். ஊரில் உள்ள வளவெல்லாம் யாரோ ஒரு பெண்ணுடையது. அவருடைய வளவு மட்டும் அவருடையதாக இல்லை. அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு நூல் சுற்றி வயிற்றைக் கழுவினார், ஒரு காலத்தில் நான் அவருக்குச் சுற்றியதைப் போல.

காலிதீனுக்குப் பட்டை அவிக்கப் பொறுமை ஏது? கடையில் சாயத்தூள் வாங்கினான். நன்றாக விற்ற காலமெல்லாம் அது காலிதீன் சாறன். ஐம்பத்தெட்டில் அதிலும் மலிவான தூளுக்கு மாறினான், கரை ஊறத் தொடங்கியது. முதல் தோய்ப்பிலேயே சாயம் இறங்கி, கூடப் போட்ட வெள்ளையெல்லாம் பழுப்பாகின. சனம் கடையில் சண்டைக்குப் போனபோது, கரை போட்டது தான் அல்ல, மாமி ஹாஜறா என்று காலிதீன் கையைக் கழுவிவிட்டான்.

பாலமுனைப் பக்கத்து வயற்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு மைமூனா வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். சாறனை ராத்தாவின் முன்னால் எறிந்தார்.

"இது ஒங்கட கரையாமே?"

ராத்தா அதை எடுத்து மடியில் விரித்தார். ஓரத்தை விரலால் நெருடினார். நூல் நெருக்கம் பிழை, சாயம் பிழை, எல்லாம் பிழை. நானாக இருந்தால் அதை அந்த மனுஷன் முகத்திலேயே எறிந்து, போய்க் காலிதீனிடம் கேள் என்றிருப்பேன். சொல்வதற்கு வாயும் திறந்தேன். ராத்தா என் கையை அமத்தினார். தறியை விட்டுப் போன நாளிலிருந்து அந்தக் கரையை அவருடையது என்று ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"ஓம் தம்பி" என்றார். "என்ட கரைதான்."