என்ர சாரம் கட்டின வெள்ளைப்பெடியன்

பிளேன் ரிக்கெற் மலிவாக் கிடைச்சிட்டுதெண்டு என்னோட வேலை செய்யிற வெள்ளைப்பெடியன் தேத்தண்ணி அறைக்குள்ள வந்து துள்ளின அண்டைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கீட்டுது. ஒளிச்சு என்ன வரப்போகுது, பொறாமைதான். மல்கிரேவில கந்தோர்க் கட்டடங்களுக்குப் பின்னால இருக்கிற ஒரு வேர்ஹவுசில நானும் அவனும் ஒரே ஷிஃப்ற். அவன் போர்க்லிஃப்ற் ஓடுவான், நான் பெட்டி கட்டுவன். நல்ல பெடியன், குறை சொல்லக்கூடாது. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தா மற்றவங்கள் மூக்கைச் சுழிப்பாங்கள், இவன் கரண்டியோட பக்கத்தில வந்து இருப்பான்.

லீவுக்கு எங்கயாவது வெக்கையான ஊர் வேணுமாம். கடல் கிட்ட இருக்க வேணுமாம், செலவும் குறைய வேணுமாம். முதல் இந்த நாட்டிலயே வடக்குக் கரையில இருக்கிற கேர்ன்ஸ் எண்டான். அங்க ஹொஸ்ரலில ஒரு இரவுக்குக் கேக்கிற காசைப் பாத்திட்டு, இதைவிட ஸ்ரீலங்கா மலிவெண்டு முடிவெடுத்திட்டான். போனைத் திருப்பிக் காட்டினான். திருகோணமலை. என்ர ஊர்.

எனக்கு அங்க போக ஏலாது. நான் அகதியாப் படகில வந்தனான். கையில இருக்கிறது பிரிட்ஜிங் விசா, அதோட வெளிய போனா திரும்பி உள்ள வரக் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருசமா என்ர உலகம் வடக்கால ஷெப்பர்ட்டன், தெற்கால பிலிப் ஐலண்ட், அவ்வளவுதான். அம்மாவைக் கூப்பிடுவம் எண்டு விசிற்றர் விசா போட்டுப் பாத்தன், அதுக்கும் இல்லையெண்டிட்டாங்கள். இவன் என்னடாவெண்டா ஒரு கடற்கரைப் படத்தைப் பாத்து, விரலால ஒரு தட்டுத் தட்டிப்போட்டு, என்ர ஊருக்குப் போறான்.

எரிச்சல் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். வாய் சும்மா கிடக்குமோ? கொழும்பில இருந்து ஏசி பஸ் எடுக்காதை, இரவு ரெயிலில ரெண்டாம் வகுப்பில போ எண்டன். ஓட்டோக்காரன் சொல்லுற விலையில பாதியைச் சொல்லிப்போட்டு நடக்கத் தொடங்கு, அவனே பின்னால வருவான் எண்டன். கடற்கரை ஹோட்டலுகளில சாப்பிட்டுக் காசைக் கரைக்காதை எண்டன். எல்லாம் சொல்லிப்போட்டுக் கடைசியா ஒரு பேச்சுக்கு, "அம்மா அங்கதான் இருக்கிறா, நேரமிருந்தா எட்டிப் பார், ஒரு நேரம் சாப்பிட்டிட்டு வா" எண்டிட்டன்.

அது மரியாதைக்குச் சொல்லுறது. எங்கட ஆக்களெண்டா ஒரு பிஸ்கட் பெட்டியோட போய், "வேண்டாம் அன்ரி, இப்பதான் சாப்பிட்டனாங்கள்" எண்டு நாலுதரம் சொல்லி, அரை மணித்தியாலத்தில எழும்பி வந்திடுவினம். இவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? ஒரு நேரம் சாப்பிடப் போனவன் நாலு இரவு நிண்டிட்டான். ஹொஸ்ரல் காசு மிச்சமாம்!

படங்கள் வரத் தொடங்கிச்சுது. நான் கிரான்பர்னில, மூண்டு பேர் சேந்து வாடகைக்கு இருக்கிற வீட்டில, ஹீற்றருக்கு முன்னால போர்வையைப் போத்துக்கொண்டு இருக்கிறன். அங்க அவன் எங்கட குசினி நிலத்தில சப்பணம் கட்டியிருந்து புட்டுக் குழைக்கிறான். அடுத்த படத்தில மீன் சந்தையில ஒரு பாரைக்குட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பல்லைக் காட்டுறான். அதுக்கடுத்தது கோணேசர் கோயிலடியில மானோட. சரி, அதுகள் ஊர் பாக்க வாற எல்லாரும் எடுக்கிற படங்கள் எண்டு பொறுத்துக்கொண்டன். பேந்து ஒண்டு வந்துது பாருங்கோ. கிணத்தடியில, ஈரத்தலையோட, தோளெல்லாம் வெயிலில சிவந்து உரிஞ்சு போய், சாரம் கட்டிக்கொண்டு நிக்கிறான். நீலத்தில வெள்ளைச் சதுரம் போட்ட சாரம். ஐயோ, அது என்ர சாரம்!

நான் வெளிக்கிட்ட பிறகு அம்மா அதைத் தோய்ச்சு மடிச்சு அலுமாரியில வைச்சவ. "நீ வந்து கட்டு" எண்டு சொல்லுவா. ஒண்டுவிட்ட தம்பி ஒருக்காக் கேட்டதுக்கே குடுக்காதவ, இந்தக் கோதாரி விழுவானுக்கு எடுத்துக் குடுத்திருக்கிறா. ஏனெண்டா, பையைச் சின்னனா வைச்சிருக்கிறதுக்கு அவன் ரெண்டே ரெண்டு காற்சட்டைதான் கொண்டு போனவனாம், ரெண்டும் ஈரமாம். காசு இருந்தும் இல்லாத மாதிரித் திரியிறதுக்கு இவங்கள் பட்ஜெற் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் உண்மையாவே இல்லாமல் திரிஞ்சனாங்கள், ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தா, "பொறு, தம்பிக்கு மீன் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன்" எண்டுறா.

"ஆர் தம்பி? நானெல்லோ தம்பி!"

"நீயும்தான்" எண்டுபோட்டு வைச்சிட்டா. பாரைத்தலை எங்கட வீட்டில எப்பவும் எனக்குத்தான். அண்டைக்கு அது ஆரின்ர சாப்பாட்டுக் கோப்பைக்குப் போயிருக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை த பேசின் பிள்ளையார் கோயிலுக்குக் காரை விட்டு, அவரோட நேரடியாவே சண்டை பிடிச்சன். "மாம்பழக் கதையில நீர் வீட்டில நிண்டு தாய் தேப்பனைச் சுத்தினீர், பழம் உமக்குக் கிடைச்சுது. மயிலில ஏறி உலகம் சுத்தினவர் வெறுங்கையோட நிண்டார். சரி, அது ஞாயம். இஞ்ச உலகம் சுத்துறவனே பழத்தையும் கொண்டு போறானே, இது என்ன ஞாயம்?" அன்னதானத்தில ரெண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டிட்டு வந்தன். எரிச்சல் குறையேல்லை.

அடுத்த நாள் ஒரு வீடியோ வந்துது. முத்தத்தில நிண்ட அணிலைப் படம் எடுக்க வெளிக்கிட்டிருக்கிறான், அணில் ஓடிட்டுது. பின்னால அம்மா வாறா, குசினியில இருந்து வாசலுக்கு. ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கொண்டு, வலக்காலை இழுத்து இழுத்து. சுவர் முடியிற இடத்தில நிண்டு "தம்பி" எண்டு கூப்பிட்டா. அவன் ஓடிப்போய்க் கையைக் குடுத்திருக்கிறான் போல, போன் நிலத்தைப் பாத்தபடி ஆடிச்சுது. அதில ரெண்டு பேரின்ர காலும் மெல்ல மெல்ல நடந்து வருகுது.

நான் வீடியோவில எடுக்கிற நேரமெல்லாம் அம்மா கதிரையில இருப்பா. மணி அடிக்கமுதலே வந்து இருந்திடுவா, தலை வாரி இழுத்து, திருநீறு பூசி. "கால் எப்பிடி அம்மா?" எண்டு கேட்டா, "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்" எண்டுவா. நானும் நம்பிக்கொண்டு இருந்தனான். கிழமைக்கு மூண்டுதரம் கதைக்கிற எனக்குத் தெரியாதது, சோத்துக்குப் போனவனுக்கு வாசலிலயே தெரிஞ்சிருக்கு. சாரத்தைக் குடுத்ததைக்கூட மன்னிச்சிருப்பன். இதை என்னால தாங்க ஏலாமல் போச்சு.

உடன போன் எடுத்துக் கத்தினன். "எனக்கு ஏன் சொல்லேல்லை? அவனுக்கு மட்டும் நடந்து காட்டுவியளோ?" விசர்க் கேள்விதான், வாயில வந்திட்டுது.

அம்மா சொன்னா, "அவன் வாசலில வந்து நிண்டவன், ராசா. வந்து நிக்கிற பிள்ளைக்கு எழும்பித்தானே போகவேணும். நீ போனுக்குள்ள வாறாய். உனக்கு நான் ஏன் எழும்ப?"

கோபத்தில சொல்லேல்லை, உள்ளதைத்தான் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டுது. "சரி, வைக்கிறன்" எண்டு வைச்சிட்டன்.

அவன் வெளிக்கிடுற அண்டு அம்மாவே எடுத்தா. எனக்கெண்டு மிளகாய்த்தூள் இடிப்பிச்சு, பயத்தம் பணியாரம் சுட்டு, இறுக்கிக் கட்டி வைச்சவவாம். அவன் வாங்கேல்லை. மலிவு ரிக்கெற்றுக்கு ஏழு கிலோ, ஒரு தோள்பை, அவ்வளவுதான் விடுவாங்கள். "பொல்லாத பெடி, பக்கத்துக் கடைத் தராசில பையை வைச்சுக் காட்டிப்போட்டு ஏலாதெண்டிட்டான்" எண்டு சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. நான் பகிடி விட்டு அம்மா அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம். நாலு நாள் இருந்து தின்னத் தெரியும், ஒரு பார்சல் தூக்கத் தெரியாது. வரட்டும், முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்.

வந்தான். தேத்தண்ணி அறையில எல்லாரும் இருக்கினம். மூக்கு உரிஞ்சு, தாடி வளந்து, நேர என்னட்டை வந்தான். நான் என்ர ரொட்டியையே பாத்துக்கொண்டிருந்தன்.

"அம்மா உனக்கு ஒண்டு தந்துவிட்டவ" எண்டான். அம்மா எண்ட சொல்லை மட்டும் தமிழில சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை.

"பார்சல்தான் எடுக்கேல்லையே" எண்டன், வெட்டெண்டு.

"ஓம் மேட், அது பாரம். நான் ஏலாதெண்டு சொல்ல, கொஞ்சம் யோசிச்சுப்போட்டு என்னைக் குனியச் சொன்னவ. முதல் எனக்கு ஒண்டு தந்தவ. பிறகு சுவரில இருக்கிற உன்ர படத்தைக் காட்டி, 'மை சன், மை சன்' எண்டு திரும்பவும் ஒண்டு. நான் சரியாச் செய்வனோ எண்டு, தன்ர தலையிலயே என்னைச் செய்யச் சொல்லிப் பாத்தவ. கொஞ்சம் எழும்பு."

என்னெண்டு விளங்கமுதல் அவன் ரெண்டு கையாலையும் என்ர தலையைப் பிடிச்சிட்டான். பெருவிரல் ரெண்டும் காதுக்கு முன்னால, மற்ற விரலெல்லாம் பிடரியில. கீழ இழுத்து, உச்சியில மூக்கை வைச்சு, எல்லாருக்கும் கேக்க நீட்டி ஒரு மூச்சு இழுத்தான்.

அம்மா அப்பிடித்தான். நான் பள்ளிக்கூடம் போனாலும் சரி, கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் சரி, வாசலில வைச்சுத் தலையைப் பிடிச்சு உச்சி மோந்துதான் விடுவா. தெருவில பெடியள் பாக்கிறாங்களெண்டு நான் நெளிவன். பெருவிரல் எங்க வரவேணும், மூச்சு எவ்வளவு நேரம் எண்டதெல்லாம் சொல்லி விளங்கப்படுத்திற விசயமில்லை. வாங்கினவனுக்குத்தான் தெரியும்.

அங்கால மேசையில ஆரோ விசிலடிச்சாங்கள். அவன்ர கையில கிறீஸ் மணம், தாடி நெத்தியில குத்திச்சுது. எனக்கு எரிச்சல் இன்னும் போகேல்லை, பொய் சொல்லமாட்டன். அவன் அம்மாவின்ர கையால நேர வாங்கினவன். எனக்கு செக்கன்ட் ஹாண்ட்.

"சரியாச் செய்தனோ?" எண்டு கேட்டுக்கொண்டு அவன் கையை எடுக்கப் பாத்தான்.

நான் தலையை நிமிர்த்தேல்லை.

"இல்லை, பிழை" எண்டன். "இன்னொருக்காச் செய்."